பெரிய லூருக்குத்தான் பெரிய பிரவுன் டிரவுட் வருமா?

பிப்ரவரி 18, மாலை 6.40 – கேள்வி

“அண்ணே, ஏப்ரல் நடுவுல நாங்க மூணு பேர் இமாச்சலம் போறோம், தீர்த்தன் ஆத்துக்கு. எனக்குப் பெரிய பிரவுன் டிரவுட் ஒண்ணாவது பிடிக்கணும். சின்ன மீன் தொந்தரவே வேண்டாம்னு 20 சென்டிமீட்டர்ல மூணு துண்டா ஆடுற லூர், அதான் மீன் மாதிரி செஞ்ச போலி இரை, ஒண்ணு வாங்கிட்டேன். பெரிய லூர் போட்டா பெரிய மீன்தான் வரும், இதுல சந்தேகமே இல்லைங்கிறான் கூட வர்றவன். கடைக்காரர் என்னடான்னா, விரல் நீள ஸ்பூன், அந்தத் தகட்டு லூர், போதும்னு சொல்லிச் சிரிக்கிறார். சேலம் அஸ்தம்பட்டியில உட்கார்ந்துக்கிட்டு இதைப் பேசித் தீர்க்க முடியல. நீங்க போய்ட்டு வந்தவரு, சொல்லுங்க.”

பிப்ரவரி 18, இரவு 10.15

அந்த 20 சென்டிமீட்டரை வீட்டிலேயே வையுங்கள் தம்பி.

காரணம் சொல்கிறேன். பிரவுன் டிரவுட் சின்ன வயதில் நீர்ப்பூச்சி தின்று வளரும். ஒன்றரைச் சாண் வரைக்கும் அந்தச் சாப்பாடு தாங்கும். அதற்குமேல் உடம்பு பெருக வேண்டுமானால் பூச்சி பத்தாது. ஒரு பூச்சிக்காக ஓட்டத்தில் நீந்திப் போய்வரும் செலவே வரவைவிட அதிகமாகிவிடும். அப்போது அது மீன் தின்னத் தொடங்குகிறது. தன் இனத்துக் குஞ்சைக்கூட விடாது. பகலில் பாறைக்கடியிலோ, தண்ணீர் அரித்துக் குடைந்த கரைக்கடியிலோ கிடந்துவிட்டு, வெளிச்சம் மங்கும்போது வெளியே வரும். பெரிய லூர் என்பதே அந்த மீனுக்காக வந்த யோசனைதான். உங்கள் நண்பர் சொல்வதில் அந்த மட்டுக்கும் உண்மை இருக்கிறது.

ஆனால் எவ்வளவு பெரிசு என்பதை அந்த ஆறுதான் சொல்ல வேண்டும். பிரவுன் டிரவுட் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் இரையைச் சிரமமில்லாமல் விழுங்கும். உங்கள் லூர் ஏறக்குறைய ஒரு சாண். அதை இரையாக மதிக்க 60 சென்டிமீட்டர் மீன் வேண்டும். தீர்த்தனில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரு சாணுக்கும் ஒன்றரைச் சாணுக்கும் நடுவில். ஒரு முழம் வந்தால் அன்று இரவு தூக்கம் வராது.

அமெரிக்காவில் அர்கன்சா மாநிலத்து வொயிட் ஆற்றில் 20 சென்டிமீட்டர் போடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அணைக்கு அடியிலிருந்து ஐஸ் மாதிரித் தண்ணீர் வரும், அதில் ஒரு சாண் நீள ரெயின்போ டிரவுட்டை அரசே கொண்டுவந்து விடுகிறது. அங்கிருக்கும் பெரிய பிரவுனுக்கு அதுதான் சோறு. தீர்த்தனில் சோறு சின்னது. 9 முதல் 12 சென்டிமீட்டர் எடுத்துப் போங்கள். அந்த ஆற்றுக்கு அதுவே பெரிய லூர்.

நான் அறுத்துப் பார்த்த ஒரு பிரவுனின் வயிற்றில் முழு டிரவுட் குஞ்சு ஒன்று இருந்தது. அளந்தேன், 17 சென்டிமீட்டர். அறுத்த மீன் 54. கணக்கு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றுக்கு வந்து நின்றது.

பிப்ரவரி 19, காலை 7.05

விட்டுப்போனது: அந்த மூன்று துண்டு லூர் 80 கிராமுக்குக் குறையாது. உங்களிடம் இருக்கும் ராடின் அடியில் எத்தனை கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருக்கும், பாருங்கள். 28 என்று இருந்தால் முதல் வீச்சிலேயே நுனி போய்விடும். தூண்டில் நரம்புக்கு 15 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னிய நூல், அதன் முன்னால் இரு கை விரித்த நீளத்துக்கு 10 பவுண்டு நைலான் போதும். பிரெய்டைப் பாறையில் உரசவிடாதீர்கள்.

பிப்ரவரி 21, இரவு 11.30

“டிரவுட்டே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு டிரவுட்டுக்கு வகுப்பு எடுக்கிறீர்களே, எங்கே கற்றீர்கள்” என்று ஓமலூர் அண்ணன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பூலாம்பட்டியில் கற்றேன்.

மேட்டூருக்குக் கீழே காவிரியைக் கதவணை கட்டி நிறுத்தியிருக்கும் இடம் அது. தண்ணீர் ஏரி மாதிரிப் பரந்து நிற்கும். அங்கே வாளை உண்டு. தாடையைத் திறந்தால் உள்ளே கை போகிற மாதிரி வாய். அதுவும் இருட்டுகிற நேரத்து வேட்டைக்காரன், அதுவும் மீன்தின்னி. பிரவுன் டிரவுட்டுக்கும் அதற்கும் சாதி சனம் எதுவும் பொருந்தாது, ஆனால் பெரிய மீனின் குணம் ஒன்று.

அப்போதெல்லாம் நான் சின்ன ஸ்பூன்தான் வீசுவேன். குரவையும் கெளுத்தியும் வரும், சந்தோஷமாக வீட்டுக்குப் போவேன். பரிசல் ஓட்டுகிற பெரியவர் ஒருவர் இருந்தார், நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஒருநாள் என் டப்பாவைப் பார்த்துவிட்டு, “இத்தனையும் குழந்தைங்க சாப்பாடாச்சே மாப்ளே” என்றார். மறுவாரம் 15 சென்டிமீட்டர் லூர் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பதினோரு சாயங்காலம் ஒன்றுமே இல்லை. ஒரு தட்டுகூட இல்லை. தோள் வலிக்கும், பக்கத்தில் இருப்பவன் கெளுத்தி பிடிப்பான், நமக்கு ஆத்திரமாக வரும்.

பன்னிரண்டாவது சாயங்காலம் லூர் கரைக்கு வரும்போது அதற்குப் பின்னாலேயே இன்னொரு நிழல் வந்தது. என் முழங்கால் அளவு தண்ணீரில், என் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அவசரமில்லாமல் போனது. நான் ரீலைச் சுற்ற மறந்து நின்றேன். போய்விட்டதே என்று மாமாவிடம் புலம்பினேன். அவர் சொன்னதைத்தான் இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்:

“மீன் வந்துச்சா இல்லியா? வந்துச்சுல்ல. அப்ப வீடு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு வா.”

மறுநாள் அதே நேரம். கரையிலிருந்து பத்தடி தள்ளியே நின்றேன். லூரை வேறு பக்கத்திலிருந்து கொண்டுவந்தேன். மூன்றாவது வீச்சில் அடித்தது. 6 கிலோ. குழம்பு மூன்று வீட்டுக்குப் போனது.

சின்ன ஸ்பூன் பசித்த மீனைப் பிடித்துக் கொடுக்கும். பெரிய லூர் பெரும்பாலான நாள் எதையும் பிடிக்காது, ஆனால் பெரியது எங்கே குடியிருக்கிறது என்று காட்டிக் கொடுக்கும். அது பின்னால் வந்து திரும்பியதை நான் நஷ்டத்தில் எழுதுவதில்லை. பெரிய பிரவுன் தன் இடத்தை லேசில் விட்டுக்கொடுக்காது, இன்று பார்த்த பாறைக்கடியில் நாளையும் இருக்கும். அந்த ஒரு குணத்தை நம்பித்தான் இந்தப் பிழைப்பு முழுவதும்.

பிப்ரவரி 22, காலை

வாளையைக் கொன்றதைப் பற்றி ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் வருத்தம் சரிதான். உலக அளவில் அது அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது. அப்போது எனக்குத் தெரியாது. இப்போது வாளை கிடைத்தால் திருப்பி விட்டுவிடுகிறேன்.

பிப்ரவரி 24, இரவு 9.50

பேச்சு ஏற்காட்டுக்குப் போய்விட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்காடு ஏரியில் டிரவுட் விட்டார்கள், இன்னும் அடியில் ஒன்றிரண்டு கிடக்கிறது என்று அவருடைய தாத்தா சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார். தாத்தா சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. ஆனால் இன்னும் கிடக்கிறது என்பது நடக்காத காரியம்.

இந்த மீனுக்குத் தண்ணீர் 12 முதல் 16 டிகிரி வரை இருந்தால் சுகம். 20 தாண்டினால் தீனியைக் குறைக்கும், 25 பக்கத்தில் போனால் உயிருக்கே ஆபத்து. ஏற்காட்டுத் தண்ணீர் சித்திரை வெயிலில் எப்படி இருக்கும் என்று படகுத்துறைப் படியில் காலை நனைத்தவர்களுக்குத் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். தீர்த்தன் கரையில் தம்பி தங்கப்போகிற குஷைனியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். உயரம் ஒன்று, மீன் இல்லை. அங்கே தலைக்குமேல் பனிமலை உருகி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நமக்கு மேலே சேர்வராயன் கோயில்தான் இருக்கிறது, பனி இல்லை. நம்முடையது மழைத்தண்ணீர், அது ஏரியில் நின்று வெயில் குடிக்கிறது.

தமிழ்நாட்டில் டிரவுட் பார்க்க வேண்டுமானால் நீலகிரிதான். 1860களிலேயே மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே அங்கே டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார், தோற்றார். பிறகு எச். சி. வில்சன் 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து நிலைநிறுத்தினார். ஆனால் அங்கே ஊன்றியது ரெயின்போ டிரவுட். பிரவுன் டிரவுட் இந்தியாவில் கால் ஊன்றியது காஷ்மீரில், 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டையில். அதற்கு முந்தைய வருஷம் அனுப்பியது வழியிலேயே அழிந்தது. காஷ்மீரிலிருந்துதான் 1909இல் குலு பக்கம் போனது. தம்பி பிடிக்கப்போகிற மீனின் பாட்டன் பூட்டன் எல்லாம் கப்பலில் வந்தவர்கள்.

பிப்ரவரி 25

ஏரித் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டவருக்கு: ஆமாம், ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் கிளியூர் அருவிக்குத்தான் போகும். அங்கே லூர் வீசப் போகாதீர்கள். பாறை வழுக்கும்.

மார்ச் 2, இரவு 10.40

நான் எழுதியதை நானே திருத்த வேண்டியிருக்கிறது. முதல் நாள் பதிலைப் படித்தால், பெரிய பிரவுன் பூச்சியைத் திரும்பியே பார்க்காது என்று நான் சொன்ன மாதிரித் தொனிக்கிறது. அப்படி இல்லை.

1992இல் அர்கன்சாவில் லிட்டில் ரெட் ஆற்றில் ஒரு பிரவுன் டிரவுட் பிடிபட்டது. 40 பவுண்டு 4 அவுன்சு, அதாவது 18 கிலோவுக்கு மேல். உலக சாதனையாகப் பல வருஷம் நின்றது. பிடித்தவர் போட்டது என்ன தெரியுமா? ஒரு அவுன்சில் 32இல் ஒரு பங்கு எடையுள்ள ஜிக், அதாவது ஈயத் தலை வைத்த சின்ன முள். ஒரு கிராம்கூட இல்லை. நம் வீட்டுக் கடுகுத் தாளிப்பில் அதைவிட அதிகம் போகும். நரம்பு 4 பவுண்டு.

2009இல் அந்தச் சாதனையை மிஷிகன் மாநிலத்தில் மானிஸ்டீ ஆற்றில் முறியடித்தார்கள். அதற்குப் பிறகு நியூசிலாந்து. 2020இல் ஒஹாவ் கால்வாயில் 44 பவுண்டு 5 அவுன்சு, 20 கிலோ. அந்தக் கால்வாயில் சாமன் மீன் பண்ணைக் கூண்டுகள் மிதக்கின்றன. கூண்டிலிருந்து தப்பி விழும் தீவனத்தைத் தின்று தின்றே அங்கே டிரவுட் அப்படிப் பெருத்திருக்கிறது. மீன் தின்றால்தான் பெருக்கும் என்ற என் பேச்சு அங்கே செல்லாது.

அதே நியூசிலாந்தில் பீச் மரங்கள் அளவுக்கு மீறி விதை உதிர்க்கும் வருஷங்கள் உண்டு. அப்போது காட்டில் எலி பெருகும். இரவில் ஆற்றை நீந்திக் கடக்கும் எலியை டிரவுட் விழுங்கும். நம் பக்கம் மூங்கில் பூத்தால் எலி பெருகும், பஞ்சம் வரும் என்பார்களே, அதே சங்கதி. அங்கே அந்த வருஷம் எலி மாதிரிச் செய்த லூருக்கு மரியாதை. மற்ற வருஷம் அது டப்பாவிலேயே கிடக்கும்.

ஆக, அந்தத் தண்ணீரில் அந்த மாதம் எது நிறைய கிடைக்கிறதோ அதுதான் அளவுகோல். ஏப்ரலில் தீர்த்தனில் நீர்ப்பூச்சி கொட்டிக் கிடக்கும்போது ஒரு முழ மீனும் பூச்சியையே மேயலாம். கடைக்காரர் சிரித்ததில் தப்பில்லை. ஸ்பூனும் எடுத்துப் போங்கள்.

மார்ச் 3, காலை 6.20

ராத்திரி படுத்தபிறகு தோன்றியது. ஒரு கிராம் ஜிக்குக்கு 18 கிலோ வந்தது, சரி. அந்த ஜிக் விழுந்த இடத்தில் 18 கிலோ இருந்தது. அதை அவருக்கு முன்கூட்டி யாரும் காட்டவில்லை. நான் பெரிய லூரை விடாததற்கு இதுதான் காரணம். மாமா சொன்ன “வீடு.”

மார்ச் 15, மாலை 4.30

லூர் எங்கே வாங்குவது என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் கொஞ்ச காலமாக வாங்குவதில்லை, செய்துகொள்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், இதில் எனக்குப் பேச்சு நிற்காது.

மரம் கல்யாணமுருங்கை. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்ற வைத்திருப்பார்கள். கிளை கழிக்கும் சமயத்தில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். உலர்ந்தால் தக்கை மாதிரி, பேனாக்கத்தி போதும். ஆனால் நிழலில் இரண்டு மாதம் உலர வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு செதுக்கினால் வார்னிஷ் போட்டபிறகு வெடிக்கும். எனக்கு நான்கு வெடித்தது.

பின்லாந்துக்காரர் லவ்ரி ரப்பாலா 1936இல் முதல் லூரைத் தக்கையில்தான் செதுக்கினார். சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை மேலே ஒட்டி, ஃபோட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்தவர். கூட்டத்தில் நொண்டி நொண்டிப் போகும் ஒரு குஞ்சைத்தான் பெரிய மீன் முதலில் பிடிக்கிறது என்று கண்ணால் பார்த்து, அந்த நொண்டலை மரத்துக்குக் கொடுத்தார். அழகைவிட அந்த நொண்டல்தான் முக்கியம். என் லூர்களில் வண்ணம் தீட்டாதவையே அதிகம் பிடித்திருக்கின்றன.

இரண்டு துண்டாகச் செய்து நடுவில் இணைப்பு. அந்த இணைப்புக்குத்தான் திண்டாடினேன். கடையில் விற்கிற கொக்கி பெரிய மீன் உதறலில் திறந்துகொள்ளும். செவ்வாய்ப்பேட்டையில் என் சித்தப்பா மகன் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தான். “இது கொலுசுக் கண்ணிதானேண்ணா” என்று சொல்லி, எவர்சில்வர் கம்பியை இரண்டு வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்து, முனையை மரத்துக்குள் முழு நீளத்துக்கும் ஓடவிட்டுக் கொடுத்தான். மரம் உடைந்து சிதறினாலும் மீன் கம்பியில் இருக்கும். இன்றுவரை ஒன்றும் திறக்கவில்லை.

வயிற்றில் ஈயம் வைப்பது அடுத்த பாடம். ஈயம் நடு உயரத்துக்கு மேலே ஏறினால் லூர் மல்லாந்து நீந்தும். அடிவயிற்றில், தலைக்கும் இணைப்புக்கும் நடுவில் ஒரு குழி, அதற்குள். மாடித் தொட்டியில் போட்டுப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். வீட்டில் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் ஈயத்தை நனைக்காதீர்கள், துணி துவைக்கிற தொட்டி போதும்.

கொலுசு முத்து இரண்டை உள்ளே அடைத்துச் சத்தம் வருகிற மாதிரியும் செய்து கொடுத்தான். கலங்கிய காவிரியில் அது வேலை செய்தது, விரால் சத்தத்துக்குத் திரும்புகிறது. தீர்த்தனில் பளிங்குத் தண்ணீர். அங்கே முதல் வீச்சிலேயே மடுவே காலியானது மாதிரி இருந்தது. அன்றிலிருந்து மலைத்தண்ணீருக்கு ஊமை லூர்தான்.

தம்பி, உங்களுக்கு 11 சென்டிமீட்டரில் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். முதுகு பாசிப்பச்சை, வயிறு வெளுப்பு. அந்த ஆற்றில் ஸ்னோ டிரவுட் என்று ஒரு மீன் உண்டு, பேர்தான் டிரவுட், உண்மையில் கெண்டைச் சாதி. அதன் குஞ்சு இந்த நிறம். மூன்று முள் கொக்கியைக் கழற்றிவிட்டேன். செதில், அதாவது முள் நுனியில் பின்னோக்கி நீட்டும் கொம்பு, நீக்கிய ஒற்றை முள் போட்டிருக்கிறேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 16

டிரவுட்டின் சுவை கேட்டவர்களுக்கு: ரோகு கட்லா போலக் குறுக்கு முள் அதிகமில்லை. புளிக்குழம்பில் போட்டால் காணாமல் போய்விடும். உப்பு, மிளகு, கொஞ்சம் எண்ணெய், தோசைக்கல். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19, இரவு 8.10

தம்பி குஷைனியிலிருந்து பேசினார். குரலே இறங்கிக் கிடந்தது. இரண்டு நாள் 11 சென்டிமீட்டரை வீசியிருக்கிறார், ஒன்றும் இல்லை. ஸ்பூன் போட்ட நண்பர் ஏழு பிடித்துவிட்டார், எல்லாம் சாண் அளவு. இன்று காலை பெரிய பாறைக்குப் பின்னாலிருந்து ஒன்று புறப்பட்டு லூரோடு கூடவே வந்திருக்கிறது. தங்க நிறம், விலாவில் சிவப்புப் பொட்டு, சிவப்பைச் சுற்றி வெளுப்பு வட்டம் என்று வர்ணிக்கிறார். அவ்வளவு நெருக்கத்தில் பார்த்திருக்கிறார். பார்த்ததும் சுற்றுவதை நிறுத்திவிட்டார். மீன் திரும்பிவிட்டது.

நான் சொன்னது இது, எல்லோருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்:

பின்னால் மீன் வரும்போது ஒருநாளும் நிறுத்தாதீர்கள். துரத்தப்படுகிற குஞ்சு நின்று யோசிக்காது, ஓடும். வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது ராடு நுனியைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பி லூரைத் திசை மாற்றுங்கள். பெரும்பாலான அடி அந்தத் திருப்பத்தில்தான் விழும். அப்படியும் திரும்பிப் போனால் உடனே இரண்டாம் வீச்சு வேண்டாம். அங்கேயே நின்று இருபது முறை வீசினால் அந்த வீட்டின் கதவை நீங்களே சாத்துகிறீர்கள். சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். வெளிச்சம் மாறிய பிறகு வேறு கோணத்திலிருந்து வாருங்கள்.

இன்னொன்று. வெயில் ஏறினால் மேலே பனி உருகி, மத்தியானத்துக்குமேல் தண்ணீர் ஏறும், பால் கலந்த மாதிரி ஆகும். லேசாகக் கலங்கினால் பெரியதுக்குத் தைரியம் வரும், நிறையக் கலங்கினால் எதுவும் நடக்காது. மீன்பிடிக்கத் தந்த அனுமதிச் சீட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 20, இரவு 7.55

பிடித்துவிட்டார்! அதே பாறை. இந்த முறை கீழேயிருந்து மண்டியிட்டுப் போய், மேற்பக்கம் வீசி, பாறையை ஒட்டி இறக்கியிருக்கிறார். முதலில் ஒன்றுமில்லை. இரண்டாவது வீச்சில் பின்னால் வந்திருக்கிறது, நுனியைத் திருப்பியிருக்கிறார், அடித்துவிட்டது. 46 சென்டிமீட்டர், ஒரு முழம். எடை போடவில்லை, போட வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டிருக்கிறார். மூன்று நாளில் ஒரே மீன். அழுதுகொண்டே பேசினார். எனக்கும் தொண்டை அடைத்தது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 23

“ஏழு பெரிசா ஒண்ணு பெரிசா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர் ஏழு பிடித்ததும் நல்ல மீன்பிடிதான், யாரும் அவரைக் குறைத்துப் பேச வேண்டாம். இரண்டும் வேறு வேறு பசி.

நவம்பர் 2, இரவு 11.15

இமாச்சலத்தில் நேற்றோடு ஆற்றைச் சாத்திவிட்டார்கள். நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை டிரவுட் தூண்டில் கிடையாது. முட்டையிடும் காலம். ஒவ்வொரு வருஷமும் இந்த நாள் வரும்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். இந்த இழையில் அதைப் பாதி சொல்லி மீதியை மறைத்தேன்.

முதல் நாள் பதிலில் எழுதினேனே, 54 சென்டிமீட்டர் பிரவுன், வயிற்றில் 17 சென்டிமீட்டர் குஞ்சு, கணக்கு பொருந்தி வந்தது என்று. அந்த வயிற்றில் இருந்தது குஞ்சு மட்டுமில்லை.

அது என் இரண்டாவது பயணம், அக்டோபர் கடைசி வாரம். சீட்டு இருந்தது, காலக்கெடுவுக்குள்தான், சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. குளிரில் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. அந்த மாதம் பெரிய பிரவுன் எரிச்சலோடு இருக்கும், பக்கத்தில் போவதையெல்லாம் அடிக்கும். நான் செதுக்கிய 12 சென்டிமீட்டரை ஒரே வீச்சில் அடித்தது. மூன்று முள் கொக்கி இரண்டு, ஆறு முள்ளில் நான்கு வாயிலும் செவுளிலும் ஏறிவிட்டது. செவுளிலிருந்து ரத்தம் வந்தது. பிழைக்காது என்று தெரிந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பிழைக்கும் என்றிருந்தாலும் அன்று நான் விட்டிருக்கமாட்டேன். அவ்வளவு பெரிய பிரவுனை அதற்குமுன் கையில் பிடித்ததில்லை.

தங்கியிருந்த வீட்டுக் கொல்லையில் அறுத்தேன். ஆரஞ்சு நிற முட்டை, சவ்வரிசியைவிடப் பெரிசு, ஒரு சொம்பு நிறைய. பெண் மீன். கிலோவுக்கு 1,500 முதல் 2,000 முட்டை வரை இருக்கும் என்று பிறகுதான் படித்தேன். இன்னும் சில வாரத்தில் கூழாங்கல்லை வாலால் தோண்டி அதில் வைக்கவேண்டியது. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான் குஞ்சை மட்டும் அளந்து நோட்டில் எழுதினேன். முட்டையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நோட்டு இப்போது என் முன்னால்தான் இருக்கிறது.

ஒற்றை முள்ளுக்கும், செதில் நீக்குவதற்கும் இதுதான் காரணம் தம்பி. உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 3, காலை 6.45

நேற்று எழுதியதற்குப் பதிலாக வாழப்பாடிக்காரர் ஒருவர் ஆனைமடுவு அணைப் பக்கம் விரால் பற்றி எழுதியிருக்கிறார். படிக்கும்போதே கூசியது. செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் பந்தாக மேலே மூச்சு வாங்க வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்தப் பந்தின்மேல் தவளை லூரைப் போட்டால் பெற்றது பாய்ந்து அடிக்காமல் இருக்காது. அது பசியில் அடிப்பதில்லை. பெரியதைத் தூக்கிவிட்டால் அரை மணி நேரத்தில் குரவையும் கெளுத்தியும் வந்து குஞ்சுகளை முடித்துவிடும். நானும் செய்திருக்கிறேன், பெரிய விரால் பிடித்தேன் என்று படம் எடுத்து மாட்டியும் இருக்கிறேன். அந்தப் படத்தை எடுத்துவிட்டேன்.

வீடு தெரிந்துகொள்வது என்று மாமா சொன்னதில், வீட்டில் குழந்தை இருந்தால் போகாதே என்பதும் சேர்ந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அவர் ஆடியிலும் ஆவணியிலும் சில ஓரங்களுக்குப் பரிசலைத் திருப்பவே மாட்டார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க இப்போது அவர் இல்லை.

நவம்பர் 6, இரவு 9.20

பூலாம்பட்டிக்குக் கூட வருவீர்களா என்று தம்பி கேட்டதற்கு: வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்குப் பூலாம்பட்டி படகுத்துறை. ராடு மட்டும் கொண்டுவாருங்கள், 15 சென்டிமீட்டரில் புதிதாக ஒன்று செதுக்கியிருக்கிறேன், கொலுசு முத்து வைத்தது. கதவணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று காலையில் விசாரித்துச் சொல்கிறேன். தண்ணீர் வேகமாக இருந்தால் அடுத்த வாரம்.